எட்டு அடி நழுவிய கண்ணாடி யாழ்

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன். மழை விடும்வரை யோசியுங்கோ. பக்கத்து வீட்டில் இருந்தால் தெரு முழுக்க நாறும். சொந்த வீட்டில் இருந்தால் மூக்குக்கே எட்டாது. அது என்ன?

குப்பை வாளியா? இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். விடை, உங்கள் கட்சி. நானே கட்டிய விடுகதை. இடைத்தேர்தலில் எங்கள் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் போட்டோம். சனம் நின்று வாசித்துச் சிரித்தது.

நீங்கள் சிரிக்க வேண்டாம். முதலில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் வாங்கோ. வாக்குச்சாவடி வாசலில் இருந்து ஆறு மீற்றருக்குள் கட்சிக்காரர் நிற்கக் கூடாது, தெரியாதோ? சேலத்தில் இருந்து வந்து இரண்டு வருசம் என்றீர்கள். நான் இந்த வாசலில் ஐந்து தேர்தல் நின்றுவிட்டேன். முன்கூட்டியே வாக்களிக்க வருகிற சனத்துக்கு, யாருக்கு எந்த இலக்கம் போட வேண்டும் என்ற அட்டையைக் கையில் வைக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார். காலை வணக்கம் சொல்வோம். மழை வந்தால் ஒரே கூடாரத்துக்குள் ஒதுங்குவோம். அதற்கு மேல் உங்கள் ஆட்களோடு எனக்குக் கதை இல்லை.

இன்றைக்குக் கதைக்கிறேன் என்றால், காரணம் உங்கள் கையில் இருக்கிற அந்தத் துண்டுப்பிரசுரம். கொண்டாங்கோ. வாசிக்கிறேன். "ஒன்று, கண்ணால் கண்டவரை நம்புங்கள். இரண்டு, விசாரணை முடியும்வரை பதவியை விட்டு விலகி நில்லுங்கள். மூன்று, உங்களை உங்கள் கட்சியே விசாரிக்கக் கூடாது." இதை எழுதியது யார் தெரியுமா? நான். என் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். ஒரு சொல்லையாவது மாற்றினீர்களா? பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஹாலோரன் இருந்த இடத்தில் டெனிஸ். வெட்கமில்லையா உங்களுக்கு?

ஹாலோரன் யாரென்று தெரியாதா? உங்கள் கட்சியின் எம்.பி. இந்தத் தொகுதியில் ஒன்பது வருசம் இருந்தார். நீங்கள் வருவதற்கு முதலே அவரைக் கழுவித் துடைத்து மறைத்துவிட்டார்கள் போல. சரி, நான் சொல்கிறேன். அவருடைய அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பிள்ளை, ஏதோ கடிதத்தைப் பிந்தி அனுப்பிவிட்டது. மனிதன் கோப்பிக் கோப்பையைத் தூக்கி எறிந்தார். பிள்ளையின் தோளில் பட்டுச் சுவரில் உடைந்தது. பார்சல் கொண்டுபோன பெடியன் ஒருவன் கதவடியில் நின்று கண்டான்.

உங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்? கை நழுவிவிட்டதாம். மனிதன் களைத்துப்போய் இருந்தாராம். அந்தப் பிள்ளைக்கு முதலே அவரோடு கோபமாம். பார்சல் பெடியன் எங்கள் கட்சிக்கு வாக்குப் போடுகிறவனாம். நல்ல கதை.

நான் விடவில்லை. பதினொரு சனிக்கிழமை அவருடைய அலுவலக வாசலில் நின்றேன். வெயிலுக்கும் நின்றேன், மழைக்கும் நின்றேன். என் மகள் சாம்பவிக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து. அவள்தான் அட்டையில் கோப்பைப் படம் கீறினாள். கைபிடி உடைந்த கோப்பை. கீழே, கண்டவரை நம்புங்கள் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினாள். பேப்பரில் அந்தப் படம் வந்தது. "ஏன் அப்பா அந்தப் பெடியனை ஒருத்தரும் நம்பீனம் இல்லை?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "கட்சிதான் பிள்ளை. கட்சி கண்ணை மறைக்குது. எங்கட ஆள் செய்தாலும் பிழை பிழைதான் எண்டு சொல்லத் தெரிய வேணும்." எப்படிச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறேன், பாருங்கோ.

நான் பாண் தொழிற்சாலையில், உங்கள் ஊர்ப் பேச்சில் பிரெட், தரம் பார்க்கிறவன். ஒரு பாண் கருகினாலும் முழுத் தட்டையும் கழித்துவிடுவேன். யார் போட்ட தட்டு என்று பார்ப்பதில்லை. அது என் குணம்.

பொறுங்கோ, ஆள் வருகிறார். குட் மோர்னிங் சேர், டெனிஸ் வாக்ஹோர்ன், முதலாம் இலக்கம்... எடுக்கவில்லை. உங்களுடையதை எடுக்கிறார். எடுத்துப் போகட்டும். வாசித்துப் பார்த்தால் அது என் வசனம்தான்.

ஹாலோரன் போனார். இடைத்தேர்தல் வந்தது. எங்கள் டெனிஸ் வென்றார். டெனிஸ் என்னைத் "தில்லி" என்பார். தில்லைநாதன் அவருக்கு வாயில் வராது. எவ்வளவு பெரிய மனுசி, எங்கள் வீட்டுக் கோழிக் கறியைக் கையால் சாப்பிட்டவர். போன வருசம் என் கையைக் குலுக்கிச் சொன்னார், "அடுத்த மாநகரசபைத் தேர்தலில் இரண்டாவது இடம் உனக்குத்தான், தில்லி." எங்கள் பட்டியலில் இரண்டாவது இடம் என்றால் உள்ளே போவது நிச்சயம். இருபத்தாறு வருசம் இந்த நாட்டில் அடுத்தவனுக்கு அட்டை கொடுத்தவன் நான். ஒரு தடவை என் பெயர் அட்டையில் வர வேண்டும். அந்த ஆசை பிழையா? சொல்லுங்கோ.

இந்தத் தை மாதம் எங்கள் சங்கத்தின் பொங்கல் விழா. பள்ளிக்கூட மண்டபத்தில் முந்நூறு பேர். டெனிஸ் பிரதம விருந்தினர். மேடையில் ஏறி, இரண்டு கையையும் கூப்பி, சிரித்த முகத்தோடு சொன்னார், "ஆயுபோவன்."

உங்களுக்கு இது விளங்காது. நீங்கள் சேலம். அது சிங்களத்தில் சொல்கிற வணக்கம். அந்தச் சொல்லில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பில் என் பழைய முதலாளிக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தது யார்? வீட்டையும் ஆட்களையும் இழந்து ஓடி வந்த சனம். பொங்கல் நாளில், அவர்கள் முன்னால் நின்று, வணக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆயுபோவன். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. முன்வரிசையில் மூன்று பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

பேச்சை எழுதியது ஹனா. டெனிஸின் அலுவலகப் பிள்ளை, இருபத்து மூன்று வயது. இன்ரநெற்றில் தேடி, இலங்கை ஆட்களுக்கு இதுதான் வணக்கம் என்று போட்டுவிட்டாள். எனக்கு முதல் நாளே அனுப்பியிருந்தாள். பிழை இருந்தால் சொல்லுங்கள், காலை வரை நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். நான் திறந்தேன். நீளமாக இருந்தது. "மிக நன்று" என்று பதில் போட்டேன். முந்நூறு கதிரைக்கு ஒழுங்கு பார்க்கிறவன் பேச்சு வாசித்துக்கொண்டிருப்பானா? சாம்பவி பக்கத்தில் இருந்தாள். "நீங்கள் வாசிக்கவே இல்லையே அப்பா" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், எத்தனை வேலை என்று.

விழா முடியவில்லை, டெனிஸ் மேடைக்குப் பின்னால் இருக்கிற வகுப்பறைக்குப் போய்விட்டார். கையில் நாங்கள் கொடுத்த நினைவுச்சின்னம். கண்ணாடியில் செய்த யாழ். இந்த அளவு இருக்கும். நான்தான் தெரிவு செய்தேன். ஹனா பின்னால் போனாள். நான் சாம்பவியிடம் ஒரு கிண்ணத்தில் பொங்கல் போட்டுக் கொடுத்து, "கொண்டுபோய் எம்.பி.க்குக் குடு பிள்ளை, கோபம் ஆறட்டும்" என்று அனுப்பினேன்.

அனுப்பியிருக்கக் கூடாது. அதுதான் நான் விட்ட ஒரே பிழை.

கொஞ்ச நேரத்தில் சாம்பவி கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். பொங்கல் அப்படியே இருந்தது. "அம்மா எங்கே?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி யோகமலர் நேர்ஸ். ஓடிப்போய் ஹனாவின் புருவத்தைச் சேலைத் தலைப்பால் அமத்திப் பிடித்தாள். இரண்டு தையல். பெரிய காயம் இல்லை.

கை நழுவியது. அவ்வளவுதான். கண்ணாடி வழுக்கும். டெனிஸே எனக்கு அன்றைக்கு இரவு போன் எடுத்துச் சொன்னார், "நழுவிவிட்டது, தில்லி." நம்பாமல் என்ன? அடுத்த நாள் மண்டபம் துப்புரவாக்கப் போனபோது அளந்து பார்த்தேன். டெனிஸ் நின்ற மேசையில் இருந்து ஹனா நின்ற இடம் எட்டு அடி. நழுவினால் எட்டு அடி போகுமா என்று கேட்கிறீர்கள். ஏன் போகாது? பாரம் இல்லாத சாமான்.

யோகமலரும் இதைத்தான் கேட்டாள். "ஹாலோரனுக்கு ஒரு அடி கூட நழுவ விடேல்லை நீங்கள். உங்கட ஆளுக்கு எட்டு அடி நழுவுதோ?"

"அது வேற" என்றேன்.

"என்ன வேற?"

வேறுதான். ஹாலோரனுடையது பீங்கான், உள்ளே சூடான கோப்பி. இது கண்ணாடி, உள்ளே ஒன்றும் இல்லை. ஹாலோரன் எறிந்தது அலுவலகத்தில், வேலை நேரத்தில். இது விழா. ஹாலோரனுக்குக் கோபம் வரக் காரணம் ஒரு கடிதம். டெனிஸுக்கு முந்நூறு பேர் முன்னால் மானம் போனது. களைத்துப்போய் வேறு இருந்தார். அந்தப் பிள்ளை ஹனாவுக்கு முதலே அவரோடு ஏதோ மனத்தாங்கல் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் ஒன்றா?

யோகமலர் சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். "உந்த வசனம் எல்லாம் நான் முந்தியும் கேட்டனான்" என்றாள். "ஹாலோரன்ர ஆக்கள் சொன்னவை."

அவளுக்கு அரசியல் விளங்காது.

ஹனா முறைப்பாடு கொடுத்துவிட்டாள். எங்கள் கட்சிக்கு வெளியே, எம்.பி.க்களை விசாரிக்கிற தனி அலுவலகம் ஒன்று இருக்கிறது, அதற்கு. அப்படி ஒரு அலுவலகம் வேண்டும் என்று மனுவில் கையெழுத்து வாங்கித் திரிந்தவனும் நான்தான். அது வேற. இப்போது ஹனா வேலைக்குப் போவதில்லை. ஒரு பக்கம் எம்.பி., ஒரு பக்கம் இவள். கண்டவர்கள் யாரும் இல்லாவிட்டால் அவள் பொய் முறைப்பாடு கொடுத்தவள் என்று ஆகிவிடும், வேலையும் போய்விடும். ஆனால் அவள் எழுதியிருந்தாள், கதவடியில் கிண்ணத்தோடு ஒரு பிள்ளை நின்றது என்று. டெனிஸ் கதவுக்கு முதுகு காட்டி நின்றவர். அவர் பிள்ளையைக் காணவில்லை.

ஹனாவுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், அந்த அலுவலகத்துக்கு மட்டும் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கடிதம் வந்தது. உங்கள் மகளோடு கதைக்க விரும்புகிறோம், பெற்றோரின் சம்மதம் வேண்டும், இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரம் டெனிஸ் போன் எடுத்தார். "தில்லி, யாரோ ஒரு பிள்ளை பார்த்ததாம். உங்கள் ஆட்களின் பிள்ளையாகத்தான் இருக்கும். யாருடையது என்று விசாரி." நான் என்ன சொல்வது? "மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், டெனிஸ். எல்லாம் ஒரே மாதிரிப் பாவாடை சட்டை" என்றேன். பொய் இல்லை. எல்லாம் பட்டுப் பாவாடைதான்.

சம்மதம் கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்கிறீர்கள். விட்டால் என்ன எழுதுவார்கள்? தகப்பன் மறுத்துவிட்டான் என்று எழுதுவார்கள். அது ஒருநாள் வெளியே வரும், உங்கள் ஆட்கள் விடுவீர்களா? அதனால் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை கதைக்கட்டும், ஆனால் தெளிவாகக் கதைக்கட்டும் என்று நினைத்தேன். தெளிவாக என்றால், தேவையில்லாததைச் சொல்லாமல்.

ஆறு நாள் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, மேசையில் எதிரெதிரே இருந்து. "சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி நிலத்தில் கிடந்தது. இவ்வளவுதான் பிள்ளை. சொல்லு பார்ப்பம்."

"ஆனா நான் திரும்பேல்லை அப்பா. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவ கையை மேலே தூக்கி எறிஞ்சவ."

"உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"எறிய முதல் 'முட்டாள்' எண்டும் சொன்னவ."

"அதை ஒருத்தரும் உன்னட்டைக் கேக்க மாட்டினம்."

"கேட்டால்?"

"ஞாபகம் இல்லை எண்டு சொல்லு. பொய் இல்லை அது. ஞாபகம் எண்டுறது சின்னாக்களுக்கு அப்படி இப்படித்தான்."

அவள் பென்சிலை உருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள், "பார்சல் கொண்டுபோன அண்ணாவுக்கும் ஞாபகம் அப்படி இப்படித்தானோ?"

"அது வேற."

"என்ன அப்பா வேற?"

நான் எழும்பிப் போய்த் தண்ணி குடித்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கட்சி என்றால் என்ன என்று எப்படி விளங்கப்படுத்துவது? டெனிஸ் போனால் யார் வருவார்? உங்கள் ஆள் வருவார். அதுவா நியாயம்? ஒரு யாழுக்காக ஒரு தொகுதியையே கொடுப்பதா? இரண்டாவது இடத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. அது தாய்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த நாள் கேட்டாள், "நான் சொன்னால் உங்கட பேரை அட்டையில போட மாட்டினமோ?"

"மாட்டினம்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

"நான் சொல்லாட்டி ஹனா அக்காவின்ர வேலை?"

"அவளுக்கு வேற வேலை கிடைக்கும். இங்கிலீஸ்காரப் பிள்ளை."

யோகமலர் அடுப்படியில் இருந்து சொன்னாள், "பிள்ளையின்ர வாய்க்குள்ள கையை விடாதேங்கோ." சொன்ன விதத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

இந்தக் கதை வெளியே போனால், தம்பி, நான் உங்களோடு கதைக்கவே இல்லை என்பேன். மழைக்கு ஒதுங்கி நின்றோம், அவ்வளவுதான். நினைவிருக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் அந்த அலுவலகத்துப் பெண் வீட்டுக்கு வந்தார். நரைத்த தலை, நாங்கள் கேட்காமலே சப்பாத்தை வாசலில் கழற்றினார். தேத்தண்ணி குடித்தார். கதைக்கத் தொடங்க முன்னர் சாம்பவியிடம் சொன்னார், "ஒரு ஆள் பக்கத்தில் இருக்கலாம். யார் இருக்க வேண்டும் என்று நீயே சொல்லு." நான் கதிரையை இழுத்துவிட்டேன். அவள் "அம்மா" என்றாள். நான் கார் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். என் வீட்டில், என் பிள்ளை, நான் காருக்குப் பக்கத்தில்.

நாற்பது நிமிசம். யன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்கவில்லை. கையை மேலே தூக்கினவ என்பது கேட்டது. பிறகு, கேளாமலே, பேச்சை ஹனா எனக்கு முதல் நாளே அனுப்பினதையும் நான் வாசிக்காமல் பதில் போட்டதையும் சொன்னாள். அதை அவளிடம் யார் கேட்டது? முறைப்பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஹனாவில் பிழை இல்லை என்று காட்டவாம். தாய் பிறகு சொன்னாள்.

அப்போதும் நான் மனம் விடவில்லை. ஏனென்றால் கடிதத்தில் ஒன்று இருந்தது. சிறுபிள்ளை என்றபடியால் அறிக்கையில் பெயர் போடத் தேவையில்லை. ஒரு எழுத்துப் போட்டால் போதும். டெனிஸுக்கு யாரென்று தெரியவராது. மண்டபம் முழுக்கப் பிள்ளைகள். யாரோ ஒரு பிள்ளை. கட்சி வேறு ஆளை நிறுத்தினாலும் என்னை ஒருவரும் கேட்கப் போவதில்லை. நான் பழையபடி இரண்டாவது இடத்தில் இருப்பேன். யாருக்கு நட்டம்?

அந்தப் பெண் கடைசியாக அதைக் கேட்டார். யன்னலால் வடிவாகக் கேட்டது. "உன் பெயரை எழுதட்டா, அல்லது ஒரு எழுத்து மட்டும் போடட்டா? பெயர் எழுதினால் எம்.பி. அதை வாசிப்பார். எது என்றாலும் பரவாயில்லை. யோசித்துச் சொல்லு."

நான் யன்னலடிக்குப் போகவில்லை.

சாம்பவி பெயரை எழுதச் சொன்னாள். முழுப் பெயரையும். சாம்பவி தில்லைநாதன்.